பள்ளிக்கு ஸ்டீல் பாட்டில்: 304 என்று போட்டிருந்தால் போதுமா?

சுதா_தாம்பரம்:
மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டும். இதுவரை பிளாஸ்டிக், ஸ்ட்ரா வைத்த மூடி. மூடிக்குள் கறுப்பு படிந்து, எவ்வளவு கழுவினாலும் வாடை போகவில்லை. ஸ்டீல் கேட்டால், கடையில் காந்தம் வைத்துக் காட்டி "ஒட்டல பாருங்க, 304 தான்" என்று ஸ்டீல் ரகத்தின் எண்ணைச் சொல்கிறார்கள். வெந்நீர் தேவையில்லை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான். மாமியார் செம்புதான் நல்லது என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?

பாத்திரக்கடை_கும்பகோணம்:
காந்தத்தை நம்பாதீங்க அக்கா. 201 என்ற மலிவு ரகமும் காந்தத்தில் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். விலை குறைவதும் அதனால்தான், உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துரு ஏறுவதும் அதனால்தான். 304இல் சுமார் 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். 18/8 என்று போட்டிருந்தாலும் அதே ரகம்தான். நல்ல 304கூட, தகட்டை அழுத்தி வளைத்த கழுத்துப் பகுதியில் லேசாகக் காந்தத்தை இழுக்கும்.

ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். ஒரே தகடு கொண்ட ஒற்றைச் சுவர் பாட்டிலுக்குத் தர எண் ஐஎஸ் 17803, சூடு காக்க இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை எடுத்த வெற்றிட ஃபிளாஸ்க் வகைக்கு ஐஎஸ் 17526. கூடவே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம், எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுமா என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். அப்புறம் செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். வெல்டிங் கோடு சொரசொரப்பாக இருந்தால் துரு அங்கேதான் தொடங்கும்.

புது பாட்டிலில் பாலிஷ் கசடு ஒட்டியிருக்கும், சோப்புக்கு எளிதில் வராது. முதலில் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் உள்ளே துடையுங்கள், துணியில் கறுப்பாக வரும். வருவது நின்றதும் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவலாம்.

நித்யா_மதுரை:
வெந்நீர் வேண்டாம் என்றால் ஒற்றைச் சுவர் போதும். 750 மி.லி. பாட்டில் என்றால் தண்ணீரே முக்கால் கிலோ. வெற்றிட பாட்டில் என்றால் காலி பாட்டிலின் எடையே சுமார் 350 கிராம் வரும், எட்டு வயது முதுகுக்கு அது பாரம். பள்ளியில் மறுபடி நல்ல தண்ணீர் பிடிக்க முடியும் என்றால் 500 மி.லி. வாங்குங்கள்.

செம்பு வீட்டோடு இருக்கட்டும். மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றினால் புளிப்பில் செம்பு கரைந்து இறங்கும். குமட்டலும் வாந்தியும் வரும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரைதான் செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பள்ளியில் பிள்ளை அதில் ஜூஸ் ஊற்றாது என்று யார் பொறுப்பேற்பது? அத்தைக்காக வீட்டில் ஒரு செம்புக் குடம் வைத்து, வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றி, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து வாருங்கள்.

மூடி_முக்கியம்:
சுதா, நீங்கள் சொல்லும் வாடைக்குக் காரணம் பெரும்பாலும் மூடிதான். ரப்பர் வளையத்துக்கு அடியிலும் ஸ்ட்ராவுக்குள்ளும் ஈரம் காயாமல் பூஞ்சை பிடிக்கிறது. அதே மாதிரி மூடியோடு ஸ்டீல் வாங்கினால் இரண்டே மாதத்தில் அதே வாடை வரும். அதனால் முதலில் மூடியைத் தேர்ந்தெடுங்கள், அதற்கப்புறம் உலோகம்.

சாதாரணத் திருகு மூடி வாங்குங்கள். வளையத்தை நகத்தாலோ கரண்டிக் காம்பாலோ நெம்பினால் கழன்று வர வேண்டும். ஒட்டியே வைத்திருந்தால் வேண்டாம். பாட்டில் பிரஷ் தாராளமாக நுழையும் அளவுக்கு வாய் அகலமாக இருக்கட்டும். ஸ்ட்ரா மூடியில் இன்னொரு தொல்லையும் உண்டு: வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து தண்ணீரை ஸ்ட்ராவுக்குள் தள்ளும். திறந்ததும் பீய்ச்சி நோட்டெல்லாம் நனையும்.

வாங்கியதும் நிரப்பி, செய்தித்தாள் மேல் 10 நிமிடம் தலைகீழாகவும் 10 நிமிடம் படுக்கவைத்தும் பாருங்கள். கசிந்தால் வளையம் புரண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தினமும் சோப்பு. வாரம் ஒருமுறை வளையத்தைக் கழற்றி, ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து 20 நிமிடம் ஊறவையுங்கள். போர் தண்ணீரால் வெள்ளையாகப் படிந்தால், ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் வந்துவிடும். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம், ஸ்டீலில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். ராத்திரி பாட்டிலைக் கவிழ்த்து, மூடியைத் தனியே வையுங்கள். ஈரத்தோடு மூடி வைப்பதுதான் வாடைக்கு வேர்.

சுதா_தாம்பரம்:
ரொம்ப நன்றி. வளையத்தில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால்?

மூடி_முக்கியம்:
வளையத்தின் சிலிகான் ரப்பருக்குள் இறங்கிய புள்ளி தேய்த்தால் போகாது, மாற்றத்தான் வேண்டும். அதே மாடலுக்கு வளையம் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். கிடைத்தால் இரண்டு சேர்த்து வாங்கி வையுங்கள்.