கணப்புக்கு மேலே ஒரு சீமாட்டி: மாட்டலாமா?

பாத்வாசி: இங்கிலாந்தின் பாத் நகரில் பழைய வீடு ஒன்றின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கணப்புக்கு மேலே வெறும் சுவர். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் கெய்ன்ஸ்பரோ வரைந்த கவுண்டஸ் ஹோ என்ற சீமாட்டியின் முழு உருவப் படம் இருக்கிறதே, அதன் அச்சுப்பிரதியைத் தங்க நிறச் சட்டம் போட்டு மாட்ட ஆசை. இளஞ்சிவப்பு உடை, வைக்கோல் தொப்பி, 1764 வாக்கில் கெய்ன்ஸ்பரோ இதே ஊரில் இருந்தபோது வரைந்தது. மனைவி மட்டும் "யார் வீட்டு அம்மா இது?" என்கிறார்.

வெள்ளைச்சுவர்: நான் உங்கள் மனைவி கட்சி. இந்தப் படங்களே 'இது யார் வீடு தெரியுமா' என்று வருகிறவர்களை மிரட்டத்தான். பிறகு அமெரிக்க ரயில் கோடீஸ்வரர் ஹன்டிங்டன் இப்படிப்பட்ட சீமாட்டிகளை வாங்கி கலிஃபோர்னியாவில் வரிசையாக மாட்டினார். அவராவது அசலை வாங்கினார், நமக்கு எதற்கு அடுத்தவர் பாட்டி? அப்புறம் ஒன்று, படம் வரைந்தபோது அந்தம்மா கவுண்டஸே இல்லை, கணவருக்கு ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் கிடைத்தது 1788இல், அதன் பிறகுதான் மனைவி கவுண்டஸ்.

சட்டக்காரன்: பாட்டியாவது பேத்தியாவது, அந்தப் பட்டுத்துணியை வரைந்த கைக்காகத்தான் மாட்டுகிறோம், அந்தம்மாவின் பட்டத்துக்காக இல்லை. எனக்குக் கவலை அளவுதான். அசல் சுமார் 8 அடி உயரம். கணப்புக்கு மேலே அடங்க வேண்டுமென்றால் இடுப்போடு வெட்ட வேண்டும். கெய்ன்ஸ்பரோவின் டெவன்ஷயர் சீமாட்டி படத்துக்கு இதே கதிதான், அதை வைத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியை கணப்புக்கு மேலே பொருந்தவில்லை என்று காலை வெட்டிவிட்டார் என்பார்கள். 1876இல் அதை ஒருவன் திருடி, 1901இல்தான் சிகாகோவில் திரும்பக் கிடைத்தது!

வெள்ளைச்சுவர்: அச்சுப்பிரதியை யாரும் திருட மாட்டார்கள், அந்த மட்டில் நிம்மதி. ஆனால் முழு உயரத்துக்கு மாட்டினால் வீடு ஓட்டல் வரவேற்பறை மாதிரி ஆகிவிடும்.

சட்டக்காரன்: எவ்வளவு உயரத்தில் என்பதுதான் விஷயம். 1784இல் மூன்று இளவரசியர் படத்தைத் தாழ்வாக மாட்டச் சொல்லி, லண்டனில் ஆண்டுதோறும் ஓவியக் கண்காட்சி நடத்திய ராயல் அகாடமி மறுத்ததும் கெய்ன்ஸ்பரோ அத்தனை படங்களையும் தூக்கிக்கொண்டு போனார், அதன்பின் அங்கே காட்சிக்கு வைக்கவே இல்லை. கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் மிரட்டல் போய்விடும். கெய்ன்ஸ்பரோவுக்குப் போட்டியாக உருவப்படம் வரைந்த ரெனால்ட்ஸ் மட்டும் வேண்டாம், அவர் போட்ட சிவப்பு அவர் காலத்திலேயே வெளுத்து, நிறைய முகங்கள் காய்ச்சலில் கிடந்தவை போல இருக்கும்.

பாத்வாசி: அளந்துவிட்டேன். கணப்புக்கு மேலே நாலரை அடிதான். படிக்கட்டுச் சுவரில் தாராளமாக இடம் இருக்கிறது, ஆனால் அது கீழ்வீட்டுக்காரருக்கும் பொது. சரி, சாயங்காலம் அவரைக் கேட்கிறேன்.