வீட்டை இப்போதே எழுதிக் கொடுக்கத்தான் வேண்டுமா?

வணக்கம். எனக்கு 63 வயது. கணவர் போய் இரண்டு வருடமாகிறது. திருச்சியில் தனியாக இருக்கிறேன். குடும்ப ஓய்வூதியமும் மாடி வாடகையும் வருகின்றன, யார் கையையும் எதிர்பார்க்கவில்லை.

"எப்படியும் எங்களுக்குத்தானே அம்மா, இப்பவே செட்டில்மென்ட் எழுதிடு" என்கிறார்கள் மகனும் மகளும். அதாவது, நான் இருக்கும்போதே வீட்டை அவர்கள் பெயருக்கு மாற்றும் பத்திரம். கணவர் வாங்கிய ஊர் நிலத்துக்கு உயில் இல்லை, மாமியாரும் உயிரோடு இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி எங்கள் மூவருக்கும் சமபங்கு. சரி, அதில் தகராறில்லை. ஆனால் இந்த வீடு என் பெயரில், என் நகையை விற்று வாங்கிய மனையில் கட்டியது.

உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். செட்டில்மென்ட்டைப் பதிந்துவிட்டால் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது என்றார் பத்திரம் எழுதுபவர். என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதினால், 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் ரத்து கேட்கலாமாம். அப்படி மனு கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எத்தனை மாதம் இழுத்தது?

அப்புறம், "இப்போது இல்லை" என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொன்னீர்கள்? உயில் எழுதுகிறேன் என்றதற்கே மகள் தினமும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.