ஹாச்சிஜோ தீவுப் பேச்சு யாருக்காவது பழக்கமா?

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் தகெஷிபா துறையிலிருந்து இரவுக் கப்பலில் ஹாச்சிஜோ போகிறேன். அங்கே பெரியவர்கள் பேசுவது டோக்கியோக்காரர்களுக்கே புரியாதாமே? அந்தத் தீவும் டோக்கியோ நிர்வாகம்தானே!

பதில் 1: நிர்வாகம் டோக்கியோதான், ஆனால் நடுவில் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் கடல் கிடக்கிறதே. பழைய கிழக்கு ஜப்பானிய இலக்கணம் அங்கேதான் தங்கியிருக்கிறது. உயரமான மலையைப் பொதுமொழியில் 'தகாய் யாமா' என்பார்கள், தீவில் 'தகாகே யாமா'. இந்தக் 'கே' விகுதி 8ஆம் நூற்றாண்டு மன்யோஷூ தொகுப்பின் கிழக்கு நாட்டுப் பாடல்களிலேயே இருக்கிறது. ஒரு பாட்டி வாயில் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

பதில் 2: 2009இல் யுனெஸ்கோவே இதை அழியும் நிலை மொழிகளில் சேர்த்துவிட்டது. தாத்தா பாட்டிகளிடம் பொறுமையா உட்கார்ந்து பேசுங்க. பதிவு செய்யணும்னா முதலிலேயே அனுமதி கேளுங்க.

கேட்டவர்: கண்டிப்பா. மிட்சுனே போகவா, சுஎயோஷி போகவா?

பதில் 1: ரெண்டுக்கும் போங்க. ஊருக்கு ஊர் உயிரொலி மாறும்.