மண் அணைத்த வீட்டுக்கு இன்சுலேஷன் போடலாமா? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடி
மலைச்சரிவில் மூன்று பக்கமும் மண் அணைத்துக் கட்டுறீங்கன்னா, முதலில் ஃபேனா ஏசியான்னு முடிவு பண்ணுங்க. வேலூரின் ஆண்டுச் சராசரி வெப்பம் 28 டிகிரியை ஒட்டி வரும். பத்தடிக்குக் கீழே மண்ணும் வருஷம் பூரா ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் நிற்கும். கத்திரி வெயிலில் வெளியே 40ஐத் தாண்டும்போது அந்த மண்தான் சுவரைக் குளிர வைக்கிறது. சுவரில் இன்சுலேஷன் பலகை (சூட்டைத் தடுக்கும் பலகை) ஒட்டினால் அந்தக் குளிர்ச்சியை நாமே மறித்த மாதிரி. 24இல் நாள் முழுக்க ஏசி ஓட்டுறவங்களுக்கு இது பொருந்தாது. அங்கே மண்தான் அறைக்குச் சூடேற்றும், சுவருக்கும் இன்சுலேஷன் வேணும்.

ராணிப்பேட்டை
காட்பாடி அண்ணன் சொன்னது ஆழத்துச் சுவருக்குச் சரி. மேல்மட்டத்து 3 அடி மண் வெயிலோடு சேர்ந்து காயும், அந்த உயரத்துக்குச் சுவரின் வெளிப்பக்கமும், கூரை முழுக்கவும் இன்சுலேஷன் போட்டே ஆகணும். கூரைமேல் 1 அடி மண் பகல் சூட்டை ராத்திரிக்குத் தள்ளிப்போடும், மே மாதச் சூட்டைத் தடுக்காது. மண்ணைக் கூட்டவும் முடியாது. நனைந்தால் 1 அடி மண்ணே சதுர அடிக்கு 50 கிலோவுக்கு மேல் கனக்கும். சாதாரண மொட்டைமாடிக்கு ஆள் நடமாட்டக் கணக்கில் எடுப்பது 15 கிலோகூட இல்லை. சிலாப் டிசைனை இன்ஜினியரிடம் தனியாகவே வாங்குங்க. சூட்டைத் தடுப்பதில் 2 அங்குல எக்ஸ்பிஎஸ் (கெட்டியான ஃபோம்) பலகை ஆறேழு அடி ஈர மண்ணுக்குச் சமம். தெர்மாகோல் நாளடைவில் தண்ணீர் குடிக்கும், மண்ணுக்கடியில் வேண்டாம்.

சிலாப்பில் 100க்கு 1 வாட்டம், அதன்மேல் வாட்டர்ப்ரூஃபிங், 48 மணி நேரம் தண்ணீர் கட்டி ஒழுகல் பார்த்த பிறகே பலகை. பிறகு ஜல்லி, ஜியோ துணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் துணி), மண். பலகையை அடியில் போட்டு வாட்டர்ப்ரூஃபிங்கை மேலே விட்டால், செடி வேரும் மண்வெட்டியும் அதைக் கிழித்துவிடும்.

குடியாத்தம்
ஐப்பசி மழையில் சுவர் நனைஞ்சா உடனே இன்சுலேஷன் தேடாதீங்க. ரெண்டடி பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ரெண்டு நாள் விடுங்க. தாளுக்குள்ளே நீர் கோத்தால் மண்ணிலிருந்து கசிவு. அறைப் பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பெரும்பாலும் தீரும். கசிவுன்னா காரணம் பெரும்பாலும் சுவருக்குப் பின்னால் களிமண்ணையே திரும்பப் போட்டதுதான். அது நனைஞ்சு உப்பி, 9 அங்குலச் செங்கல் சுவரை உள்ளே தள்ளவும் செய்யும். 1 அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, வீட்டுக்குள் தரைமட்டத்துக்குக் கீழே வருமாறு துளை பைப் வைத்து, சரிவான பக்கம் வாய் விடுங்க.

இன்னொன்று, கரையான். பலகைக்குப் பின்னால் கண்ணில் படாமல் ஏறும். வெளியே தெரியும் சுவரில் மண்ணுக்கு மேலே அரையடி உயரத்துக்குப் பலகை இல்லாமல் வெறும் கல்லாக விட்டால், மண்கூடு வந்த அன்றே தெரியும்.