நெபுலா படத்தில் மூலை வெட்டி வருகிறது, அவசரம்!

கொழிஞ்சாம்பாறை டீச்சர்: நெபுலா (விண்வெளியில் இருக்கும் வாயு, தூசி மேகம்) படம் ஒன்று பிளக்ஸ் அடித்தேன். வலது மேல் மூலை படிக்கட்டு மாதிரி கறுப்பாக வருகிறது. இரண்டாம் தடவை அடித்தும் அதே கதை. கடைக்காரர் "பைலே அப்படித்தான்" என்கிறார். சண்டை போட்டுவிட்டு வந்தேன். நாளைக் காலை பள்ளியில் கண்காட்சி. என்ன செய்ய?

வாளையார் மணி: எந்த நெபுலா டீச்சர்? எந்தத் தொலைநோக்கி? போனில் திறந்தால் மூலை ஒழுங்காக இருக்கிறதா?

சித்தூர்க்காரன்: பிரிண்டர் ஹெட் அடைப்பு, வேறொன்றுமில்லை. என் கல்யாண பிளக்ஸில் மாமனாருக்குப் பாதி முகம்தான் வந்தது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்: ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி. மூன்று தூண் நிற்குமே, அது. போனிலும் வெட்டுதான், இப்போதுதான் கவனித்தேன்.

பழைய லென்ஸ்: இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? வானத்தில் நெபுலா ஒன்றா இரண்டா! அது கழுகு நெபுலா, பட்டியலில் எம்16 என்று இருக்கும், சுமார் 6,500 ஒளியாண்டு தூரம். உங்களிடம் இருப்பது 1995-ல் எடுத்த படம். அன்றைய கேமரா நான்கு துண்டாகப் படம் பிடிக்கும். அதில் ஒன்று மட்டும் கூடுதலாகப் பெரிதாக்கிக் காட்டும். மற்ற மூன்றின் அளவுக்கு அதைச் சுருக்கி ஒட்டினால் மூலையில் இடம் காலி. அதுதான் உங்கள் படிக்கட்டு. 2014-ல் புதுக் கேமராவால் மறுபடி எடுத்தார்கள், அதில் வெட்டு கிடையாது. இதெல்லாம் தேடினாலே கிடைக்கும்.

நெல்லியாம்பதி: மூலை கிடக்கட்டும், கலரே பொய். மார்கழிக் குளிரில் இங்கே மலைமேல் ஓரியன் நெபுலாவைத் தொலைநோக்கியில் பார்த்தேன். சாம்பல் பூசின மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

வாளையார் மணி: மங்கல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரியாது சார். நெபுலா என்ன செய்யும்?

நெல்லியாம்பதி: ஹைட்ரஜன் ஒளிர்வது சிவப்பு. தூண் படத்தில் அதற்குப் பச்சை கொடுத்திருக்கிறார்கள். இது பொய் இல்லையா?

பழைய லென்ஸ்: ஹைட்ரஜன் ஒளியின் அலைநீளம் 656 நானோமீட்டர், கந்தகம் 672. இரண்டும் சிவப்பு. அப்படியே விட்டால் எது எங்கே என்று எப்படிப் பிரிப்பீர்கள்? அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். மேப்பில் கேரளத்துக்குப் பச்சை அடித்தால் மண் பச்சை என்றா அர்த்தம்?

நெல்லியாம்பதி: மேப்பை யாரும் போட்டோ என்று சொல்வதில்லையே.

வாளையார் மணி: அதுவும் நியாயம்தான். டீச்சர், படத்தின் கீழே எந்த நிறம் எந்த வாயு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆமாம், வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்ததையும் பக்கத்தில் மாட்டலாமே? 2022-ல் இதே தூண்களை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்தது. தூசியை ஊடுருவி உள்ளே, பின்னே இருக்கும் நட்சத்திரமெல்லாம் தெரியும்.

சித்தூர்க்காரன்: எதற்கும் ஹெட்டைத் துடைக்கச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்: 2014 படம் அடித்தாயிற்று, மூலை சரி. கடை அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். பழைய இரண்டும் கோழிக்கூட்டு மேலே.

சித்தூர்க்காரன்: என்ன அளவு டீச்சர்? எங்கள் மாட்டுத் தொழுவமும் ஒழுகுகிறது.