கிராமத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வருகிறது, பழுது பார்த்துக் குடியேறலாமா, இடித்துக் கட்டலாமா?

கேள்வி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கிராமத்தில் சின்ன ஓட்டு வீடு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. இரண்டு அறை, சமையலறை, முன்னால் தாழ்வாரம், பின்னால் கிணறும் கொஞ்சம் காலி இடமும். சுவர் எல்லாம் கல், சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது, நல்ல கனம். பல வருடமாக ஆள் குடியில்லை. ‘சிறு பழுது மட்டும்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், நேரில் போய்ப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஓடும் ஒரு விரிசல், உள்சுவரில் முழங்காலுக்கு மேல் வரை ஓதம், அந்த இடத்தில் பின்னாளில் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்கிறது. கூரை முகடு நடுவில் லேசாக உள்வாங்கியிருக்கிறது. பின்பக்கச் சாய்ப்புக்குப் பழைய சாம்பல் நிற சிமெண்ட் ஷீட் போட்டிருக்கிறார்கள்.

தரகர், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் மலிவு என்கிறார். எனக்கு அந்த வீடு ரொம்பப் பிடித்துவிட்டது, இடிக்க மனசு வரவில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எது சரிசெய்யக்கூடியது, எது தெரிந்தால் விலகிவிட வேண்டும்?

பதில் 1:

இடிக்கிற பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் தண்ணீர் செய்த வேலை, தண்ணீரை நிறுத்தினால் அதில் பெரும்பகுதி நிற்கும்.

முதலில் ஓதம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், காற்றில் விடவும் செய்யும், அதற்காகவே அது அத்தனை வருடம் நின்றது. அதன் மேல் சிமெண்ட் பூசினால் விடும் வழி அடைபட்டுப் போகும். ஈரம் உள்ளேயே நிற்கும், உப்பு பூக்கும், பூச்சு சுவரை விட்டுக் கழன்று நிற்கும், நீங்கள் கேட்ட பொள்ளல் சத்தம் அதுதான். ஆகவே வெளியே போய்ச் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். பழைய வீடுகளில் வருடக்கணக்காக மண் சேர்ந்து வெளித்தரை உள்தரையை விட மேலே ஏறியிருக்கும். அப்படி இருந்தால் அந்த மண்ணை வெட்டி எடுத்து, மழைநீர் சுவரிலிருந்து விலகி ஓடும்படி வாட்டம் கொடுப்பதுதான் முதல் வேலை. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் சுவர் அடியில் விழுகிறதா என்பதையும் பாருங்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும், அதற்கு மேலேயும் ஈரம் இருந்தால் கூரை, உடைந்த குழாய், சன்னல் அடிப்பக்கம் என்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

சிமெண்ட் பூச்சைச் சுரண்டி எடுத்ததும் அவசரப்பட்டுப் பூசாதீர்கள். ஒரு அங்குலத் தடிமன் காய ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு, அப்படியானால் ஒன்றரை அடிச் சுவர் முழுவதும் காய ஒன்றரை வருடம். அதுவரை சுண்ணாம்புப் பூச்சோடு விட்டுவைக்கலாம், அது மூச்சு விடும். பெயிண்ட், டைல்ஸ் எல்லாம் கடைசியில்.

அடுத்து விரிசல். அகலத்தை அளந்து பாருங்கள். 5 மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் பூச்சு வேலையோடு போகும். 15-ஐத் தாண்டினால் சுவரையே பிரித்துக் கட்டும் அளவுக்கு வேலை வரலாம். ஆனால் அகலத்தை விட முக்கியம், அது இன்னும் நகர்கிறதா என்பது. விரிசலின் இரண்டு பக்கமும் பிடிக்கிற மாதிரி மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, தேதி எழுதிவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. விரிசலின் விளிம்பு அழுக்கேறி மழுங்கியிருந்தால் பழசு, வெள்ளையாகக் கூர்மையாக இருந்தால் சமீபத்தில் வந்தது. மேலே அகலமாகவும் கீழே மெல்லிசாகவும் இருந்தால் அந்த ஓரத்து அஸ்திவாரம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குக் கட்டட அமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் போவதே சரி.

பதில் 2:

சுவரை விடுங்கள், முதலில் பத்திரம். பல வருடம் ஆள் இல்லாத வீடு என்றாலே வாரிசுகள் பல பேர் இருப்பார்கள், விற்பவர் ஒருவர் கையெழுத்து போதுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். வீட்டுக்குப் போகும் பாதை யாருடையது? கிணறு வீட்டோடு சேர்ந்ததா, பக்கத்து வீட்டுக்கும் பங்கு உண்டா? கழிவுநீர் எங்கே போகிறது? இதெல்லாம் எழுத்தில் இல்லாவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள். பழைய கட்டடம் என்று பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள், இருந்தால் இடிப்பதும் மாற்றுவதும் உங்கள் இஷ்டப்படி நடக்காது.

பதில் 3:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மனசுக்குப் பிடித்திருக்கிறது என்பது நல்ல காரணம்தான், ஆனால் கணக்கு வேறு. பழைய வீட்டில் ஒன்றைத் திறந்தால் இன்னொன்று வரும். கொத்தனார் சொல்லும் மதிப்பீட்டுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது தனியாக எடுத்து வைக்க முடியாது என்றால் தொடங்காதீர்கள். வயரிங் முழுவதும் புதிதாக, எர்த்தோடு, அதை விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது நீங்கள் வேறு இடத்தில் இருந்தாக வேண்டும், அந்தச் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைப்பாரா என்பதையும் முன்னாலேயே பாருங்கள். தெரியாத ஆள் வந்தால் திரும்பவும் சிமெண்ட்தான் பூசுவார், அப்புறம் முதல் நிலைக்கே வந்து நிற்பீர்கள்.

கேள்வி கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. பத்திர விஷயம் இப்போதுதான் யோசிக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதை நான் பார்த்தேன். கூரையைப் பற்றி யாராவது சொல்லுங்கள், ஓடு நன்றாகத்தான் இருக்கிறது, மரம்தான் பயமாக இருக்கிறது. சிமெண்ட் ஷீட்டை நானே கழற்றிவிடலாமா?

பதில் 4:

மர வேலை செய்கிறவன், அதனால் கூரையை மட்டும் சொல்கிறேன். உத்திரமும் கைமரமும் நடுவில் உளுக்காது, சுவருக்குள் நுழையும் நுனியில்தான் முதலில் போகும், ஏனென்றால் அங்கே ஈரம் உண்டு, காற்று கிடையாது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும், அதற்குக் கீழே இருந்தால் நூறு வருடத்து மரமும் இரும்பாக நிற்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் போய் ஒவ்வொரு நுனியிலும் அழுத்திப் பாருங்கள். உள்ளே பொசுக்கென்று இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. அப்படியே இருந்தாலும் முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை, கெட்ட நுனியை வெட்டிவிட்டு அதே சாதி மரத்தில் புதுத் துண்டு சேர்த்து முளை அடிக்கலாம், நல்ல தச்சருக்கு அது வழக்கமான வேலை. சுவரில் திரும்ப வைக்கும்போது நுனியைச் சுற்றிக் கொஞ்சம் காற்று இடைவெளி விடச் சொல்லுங்கள்.

சின்னச் சின்னத் துளைகள் இருந்தால் கீழே பாருங்கள். வெளுத்த புது மாவு கொட்டியிருந்தால் வண்டு இன்னும் தின்கிறது, மாவே இல்லாமல் துளையும் கறுத்துப் போயிருந்தால் பழைய கதையாக இருக்க வாய்ப்பு அதிகம். சுவரில் மண் வரி ஏறியிருந்தால் கரையான்.

முகடு உள்வாங்கியிருப்பதை விட, அது சுவரை வெளியே தள்ளியிருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை. கைமரங்களைக் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் கட்டு மரம் அறுந்தோ எடுக்கப்பட்டோ இருந்தால் கூரை இரண்டு பக்கமும் விரியும். சுவர் மேலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அந்த ஷீட்டைத் தொடாதீர்கள். பழையது என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். உடைத்தாலோ துளையிட்டாலோ நார் பறக்கும், மூச்சில் போனால் நோய் பல பத்து வருடம் கழித்துத்தான் தெரியவரும். துணி மாஸ்க் அதற்குப் போதாது. பயிற்சி உள்ளவர்களை வைத்து, நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லலாம்.

பதில் 1 எழுதியவர்:

மரக்காரர் சொன்ன தூக்குக்குண்டு சோதனையை விட்டுவிடாதீர்கள், உங்கள் விரிசலுக்கு அஸ்திவாரம் காரணமா, கூரை காரணமா என்பது அதில் ஓரளவு பிடிபடும். அடுத்த முறை நல்ல மழை பெய்த மறுநாளே போங்கள். விற்பவரிடம் கேட்டு ஒரு ஓரத்தில் ஒரு அடிச் சதுரம் பூச்சைத் தட்டி எடுத்தும், நாலு ஓட்டைத் தூக்கியும் பாருங்கள். சம்மதிக்க மாட்டேன் என்றால் சுவரையும் கூரையையும் முழுசாகப் புதுப்பிக்கும் செலவைக் கணக்கில் வைத்து விலை கேளுங்கள், அதற்கு இறங்கி வராவிட்டால் வேறு வீடு பார்க்கலாம்.