முன்குறியில் கண் வைத்த மூன்று மாதம்

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் நம் சிங்கப்பூர் வீராங்கனை தியோ ஷுன் ஷியே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் (காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி) தங்கம் வென்ற நாளிலிருந்து எனக்கும் அதைச் சுட ஆசை. இந்த ஆண்டுதான் பயிற்சியில் சேர்ந்தேன். தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ரைஃபிள் சுட்டவன் என்பதால் கைவந்த கலை என்றே நினைத்திருந்தேன். முதல் நாள் பத்துக் குண்டுகளில் ஆறு, கறுப்பு வட்டத்துக்குக் கீழே இடப்பக்கத்தில் கொத்தாகக் கிடந்தன. ஒன்று இலக்கு அட்டையிலேயே இல்லை. ரைஃபிளைத் தோள் தாங்கும், படுத்துச் சுட்டால் தரையும் தாங்கும். பிஸ்டலுக்கோ நீட்டிய ஒற்றைக் கைதான்.

பயிற்சி தந்த அக்கா அட்டையைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, குண்டு போடாமல் சுடுங்கள். முன்குறியை மட்டும் பாருங்கள்" என்றார். குழலின் நுனியில் நிற்கும் சிறு தகடுதான் முன்குறி; பிஸ்டலின் பின்பக்கம் பள்ளத்தோடு இருப்பது பின்குறி. விசை விடுபட்ட நொடியில் முன்குறி வெடுக்கென்று இடப்பக்கம் தலைகுனிந்தது. வலக்கைக்காரர்கள் விசையை வெட்டி இழுத்தால் இப்படித்தான் ஆகுமாம். விதிப்படி அந்த விசைக்கு 500 கிராம் இழுப்பு இருந்தாலே போதும். அதை ஒரு விரல் நுனி நேராகப் பின்னோக்கிக் கொண்டுவர வேண்டும். நான் மொத்தக் கையாலும் பிழிந்துகொண்டிருந்தேன். அடுத்த மூன்று வாரம் பெரும்பாலும் வெற்றுச் சுடுதல்தான், அதுவும் வெள்ளைச் சுவரைப் பார்த்து.

என்னை முழுவதும் மாற்றியது அவர் தாளில் போட்டுக் காட்டிய ஒரு கணக்கு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். கை அப்படியே 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் 1 மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் பின்குறியின் பள்ளத்துக்குள் முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தள்ளி அது 3 சென்டிமீட்டர் ஆகிவிடும். அட்டையில் மதிப்பெண் வளையங்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட நான்கு வளையம் போய்விடும்! அதனால்தான் இலக்கு மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, முன்குறியின் மேல்விளிம்பு கூர்மையாகத் தெரியவேண்டும் என்கிறார்கள். கை ஆடத்தான் செய்யும். அதை நிறுத்தப் போராடுவதை விட்ட பிறகுதான் எனக்குக் குண்டுகள் ஒன்றுகூடின.

அக்கா என்னிடம் கடுமையாகப் பேசியது ஒரே ஒரு முறை. சந்தேகம் கேட்கும் ஆர்வத்தில் பிஸ்டலைக் கையில் பிடித்தபடியே அவர் பக்கம் திரும்பிவிட்டேன். குண்டு இல்லை, விரலும் விசையில் இல்லை. ஆனாலும் என் மணிக்கட்டைப் பிடித்து இலக்கு இருக்கும் பக்கம் திருப்பி, "முதலில் கீழே வையுங்கள். பிறகு என்னைப் பாருங்கள்" என்றார். அந்தப் பிடியின் அழுத்தம் இன்னும் நினைவிருக்கிறது. புதிதாக வருபவர்கள் மதிப்பெண்ணைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்; இதை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள்.

பிஸ்டல் சுடுதளத்தின் ஆயுத அறையிலேயே இருக்கும். வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் போத்தலைக் கை நீட்டிப் பிடித்துப் பழகுகிறேன். 20 நொடி வரை அம்மா எண்ணுகிறார். குறி கூடிவராவிட்டால் சுடாமல் கையை இறக்கிவிடவும் கற்றிருக்கிறேன். போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் உண்டு, அவசரமே தேவையில்லை.

சென்ற சனிக்கிழமை பத்தில் எட்டு கறுப்புக்குள் விழுந்தன. தவறிய இரண்டும் அதே இடப்பக்கக் கீழ் மூலையில்தான். இரண்டுமே கை களைத்த பிறகும் இறக்காமல் சுட்டவை.